உப்புக் காற்றைத் தாங்கும் பூங்கன்றுகள்

திருகோணமலை உப்புவெளியில் எங்கள் வீடு கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. முற்றம் முழுவதும் சிப்பித் துகள் கலந்த மணல். அதனால் நிலாவெளி வீதியோரத்துப் பூங்கன்றுக் கடையில் ஒன்றைத்தான் கேட்டேன்: ஆண்டுக்கணக்கில் நின்று பூக்கும் கன்று வேண்டும்.

"ரோசாவை விட்டுவிடுங்கள் மகள்" என்றார் கடைக்கார அம்மா. இரண்டு காகிதப்பூ, ஓர் அலரி, ஆறு நித்தியகல்யாணி எடுத்துத் தந்தார். ஐப்பசி மழை தொடங்கியதும் நடச் சொன்னார். மார்கழி முடிவதற்குள் எல்லாம் வேர்பிடித்துவிட்டன.

ஆடியில் கச்சான் காற்று அனலாக வீசியபோதுதான் அவர் தேர்வின் அருமை புரிந்தது. பக்கத்து வளவில் புல்லே கருகிக் கிடந்தது. எங்கள் மதிலில் காகிதப்பூ கத்தரிப்பூ நிறத்தில் பூத்துக் குலுங்கியது. நிறம் காட்டுபவை இதழ்கள் அல்ல, பூவடிச் செதில்கள். உண்மையான பூ நடுவே இருக்கும் சிறு வெள்ளைக் குழல். தண்ணீரைக் குறைத்தால்தான் காகிதப்பூ நிறையப் பூக்கும் என்பதையும் அந்த அம்மாவே சொல்லித் தந்தார். அலரியில் மட்டும் கவனம் தேவை, செடி முழுவதும் நஞ்சு. சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

ஒரு குறை உண்டு. நானாக விரும்பி எடுத்த வெட்சிக்கு எங்கள் மண் ஆகாது என்று கடையில் யாரும் எச்சரிக்கவில்லை. அது புளிப்பு (அமில) மண்ணை விரும்பும் செடி; சிப்பி மணலோ சுண்ணாம்புத் தன்மை உள்ளது. சிப்பி மணலில் மூன்று மாதத்தில் இலைகள் மஞ்சளாகிவிட்டன. செம்மண்ணும் இலைமக்கும் நிரப்பிய சாடிக்கு மாற்றினேன். இப்போது புதிய இலைகள் பச்சையாக வருகின்றன. வரும் ஐப்பசிக்குச் செவ்வரத்தை வாங்க அதே கடைக்குத்தான் போகிறேன்.