பூனைக்குட்டியை எங்கே விடுவது: ஒரே அறையா, வீடு முழுக்கவா, வராந்தாவா?

பூனைக்குட்டிகளை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சாயங்காலமே ஒன்றை முடிவு செய்தாக வேண்டும். ராத்திரி எங்கே விடுவது? மலையில் மூன்று வழக்கம் இருக்கிறது. ஒரே அறையில் விட்டுக் கதவைச் சாத்திவைப்பது ஒன்று. வீடு முழுக்கத் திறந்துவிடுவது இன்னொன்று. மூன்றாவது, வராந்தாவிலோ விறகுக் கொட்டகையிலோ ஒரு சாக்கைப் போட்டு, "தானா பழகிக்கும்" என்று விட்டுவிடுவது. கோத்தகிரி, குன்னூர் பக்கம் இந்த மூன்றையும் செய்கிற வீடுகள் உண்டு. எட்டு வாரக் குட்டிகளுக்கு முதல் வழிதான் சரி என்பது என் முடிவு. ஆனால் சமவெளியில் சொல்லிக்கொடுக்கிற மாதிரியே அதை இங்கே செய்தால் குட்டி நடுங்கிப்போகும். எந்த அறை, அதைச் சூடாக வைப்பது எப்படி, தனி அறையே இல்லாத வீட்டில் என்ன செய்வது என்பதையெல்லாம் முதலில் யோசிக்க வேண்டும்.

குளிர்

ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரம். குன்னூர் சுமார் 1,850. டிசம்பர், ஜனவரியில் தலைக்குந்தா பக்கம் விடியற்காலையில் புல்வெளி உறைபனியில் வெளுத்துக் கிடக்கும். பூனையின் உடம்புச் சூடு 38 முதல் 39 டிகிரி வரை, நம்முடையதைவிட அதிகம். பிறந்து நாலு வாரம் வரை குட்டியால் அந்தச் சூட்டைத் தானாகக் காப்பாற்றிக்கொள்ள முடியாது. எட்டு வாரத்தில் முடியும். ஆனாலும் முக்கால் கிலோ உடம்பில் சூடு சீக்கிரம் இறங்கிவிடும். உடம்பு குளிர்ந்த குட்டி சாப்பிடாது. சாப்பிடாத குட்டிக்கு ரத்தத்தில் சர்க்கரை குறைந்து, நிற்கக்கூடத் தெம்பில்லாமல் போகும்.

வராந்தா இந்த இடத்திலேயே தோற்றுவிடுகிறது. வீடு முழுக்கத் திறந்துவிடுவது பாதி தோற்கிறது. ஏனென்றால் பயந்த குட்டி நாம் இருக்கிற சூடான இடத்தைத் தேடி வராது, ஒளிந்துகொள்ளத்தான் இடம் தேடும். சமையல்கட்டில் கேஸ் சிலிண்டருக்குப் பின்னால், சில்லென்ற சிமெண்டுத் தரையில், காதைப் பின்னுக்கு மடித்து உடம்பைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். வீட்டில் எல்லோரும் குனிந்து டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். குழந்தைகள் கையை நீட்டுவார்கள். அது இன்னும் உள்ளே போகும். மீன் வாசனைக்கும் வராது. அந்த ராத்திரி முழுக்க அது சாப்பிடாமல், சிறுநீர்கூடப் போகாமல் இருந்துவிடும். பெரிய வீட்டைச் சுற்றிப் பார்க்கிற ஆசை குட்டிக்கு முதல் நாளே வருவதில்லை. தன் வாசனை ஏறிய ஒரு மூலை கிடைத்தபிறகுதான் வரும்.

சரி, ஒரே அறை என்றால் எது? சமவெளிக்காரர்கள் குளியலறையில் விடச் சொல்வார்கள். கழுவ வசதி, ஒளிய இடமில்லை என்பது அவர்கள் கணக்கு. நம் ஊரில் வீட்டிலேயே ஈரமும் குளிரும் அதிகமான இடம் அதுதான். ஸ்டோர் ரூமும் அப்படித்தான். உருளைக்கிழங்கு மூட்டை நன்றாக இருக்கும், குட்டி இருக்காது. சமையல்கட்டை ஒட்டிய அறை கிடைத்தால் அதுதான் முதல். அடுப்புச் சூடு சுவர் வழியாக வரும், ஆள் நடமாட்டமும் பேச்சும் காதில் விழுந்துகொண்டே இருக்கும். இல்லையென்றால் யாராவது படுக்கிற அறை.

அறையைச் சூடாக்குவதிலும் போட்டி உண்டு. ரூம் ஹீட்டர் சூட்டைத் தரும்; ஆனால் குட்டி அதன் வயரைக் கடிக்கும், கம்பிக்கு அருகே போய் மீசையைக் கருக்கிக்கொள்ளும். ஆள் இருக்கும்போது மட்டும் சரி. பெட்டிக்கு மேலே பல்பு தொங்கவிடும் பழைய வழி இப்போது எடுபடாது; எல்இடி பல்பில் பெட்டி சூடேறாது. கணப்புச் சட்டியில் கரியைப் போட்டு மூடிய அறைக்குள் வைப்பதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. கொடைக்கானலில் அறைக்குள் கரி அடுப்பு வைத்துத் தூங்கிய வளர்ந்த ஆட்களே இறந்திருக்கிறார்கள். அந்தப் புகை குட்டிகளையும் விடாது.

இதில் ஜெயிப்பது வெந்நீர்ப் பைதான். கைபொறுக்கும் சூட்டில் ஊற்றி, துண்டு சுற்றி, அட்டைப்பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர இடம் வேண்டும். ஆறிப்போனதும் எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் அதுவே குட்டியின் சூட்டை உறிஞ்சும். பெட்டி சின்னதாக, தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில், மூன்று பக்கம் கம்பளியால் மூடியிருக்கட்டும். ஒரே ஈற்றில் பிறந்த இரண்டு குட்டிகளாக எடுப்பதன் அருமை இங்கேதான் தெரியும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படுத்துக்கொள்ளும், ராத்திரி கத்துவதும் பெரும்பாலும் குறைந்துவிடும். ஒரு குட்டிதான் முடியும் என்றால் முதல் சில ராத்திரி யாராவது அந்த அறையிலேயே படுத்துக்கொள்வது நல்லது.

லைன் வீட்டில் அறைக்கு எங்கே போவது?

நியாயமான கேள்வி. எஸ்டேட் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டில் ஒரு அறை, ஒரு சமையல்கட்டு. ஒரே அறை முறையை இப்படிப்பட்ட வீடுகளில் கைவிட வேண்டியதில்லை, சுருக்கினால் போதும். மடக்கும் நாய்க்கூண்டு ஒன்று யாரிடமாவது இரவல் கிடைத்தால் அதில் பெட்டி, தண்ணீர், மணல் தட்டு மூன்றும் அடங்கும். அதுவும் இல்லையென்றால் கட்டிலுக்கு அடியை மூன்று பக்கமும் பலகையோ அட்டையோ வைத்து அடைத்து, முன்பக்கம் பழைய சேலையைத் தொங்கவிடுங்கள். குட்டிக்குத் தேவை நாலு சுவர் கொண்ட அறையில்லை. யாரும் எட்டிப் பிடிக்காத, தானாக வெளியே வரக்கூடிய ஓர் இடம். இப்படிக் கட்டிலடியில் வளர்ந்த குட்டிகள் பங்களாக் குட்டிகளைவிடச் சீக்கிரம் மனிதர்களோடு ஒட்டிக்கொள்கின்றன. காலடிச் சத்தமும் பாத்திரச் சத்தமும் டிவி சத்தமும் முதல் நாளிலிருந்தே பழகிவிடுகின்றன. பரணுக்கு ஏறுகிற வழியை மட்டும் அடைத்துவிடுங்கள்.

மணல் தட்டு, ஈரம், சாப்பாடு

நாலைந்து வாரத்திலேயே குட்டி மண்ணைத் தோண்டி மூடக் கற்றுக்கொண்டுவிடும். தட்டு பக்கத்தில் இருந்தால் போதும், பழக்கவே வேண்டியதில்லை. வீடு முழுக்கத் திறந்துவிட்டால் தட்டு தூரமாகிவிடும், குட்டி கம்பளிக் குவியலில் போய் உட்காரும். ஐப்பசி மழையில் கோத்தகிரியில் நனைந்த ஒரு கம்பளி காய எத்தனை நாளாகும் என்று வீட்டில் துவைக்கிறவர்களைக் கேளுங்கள். ஒரே அறைக்கு இந்த ஒரு காரணமே போதும் என்பார்கள்.

தட்டில் தோட்டத்து மண்ணைப் போட வேண்டாம். எப்போதும் ஈரம், புழு முட்டையும் இருக்கும். கடையில் விற்கும் கட்டியாகிற மணலைச் சின்னக் குட்டிகள் வாயில் போடும், அதனால் அதை மூன்று மாதத்துக்குப் பிறகு வாங்கினால் போதும். அதுவரை அறுவை மில்லில் கிடைக்கும் காய்ந்த மரத்தூளோ கிழித்த செய்தித்தாளோ போதும்.

சாப்பாட்டில் பெரிய சண்டை இல்லை. பசும்பால் வேண்டாம், வயிற்றால் போகும். முந்தைய வீட்டில் என்ன கொடுத்தார்களோ அதையே முதல் வாரம் கொடுத்து, மெதுவாக மாற்றுங்கள். ஒரு நாளைக்கு நாலு வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. குட்டி ஒரு பகல் முழுக்க எதையும் தொடவில்லையென்றால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்காமல் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள்.

நம் வீட்டிலேயே இருக்கும் விஷங்கள்

இதில்தான் எனக்கு மிகவும் கவலை. நீலகிரித் தைலம் இல்லாத வீடு இங்கே கிடையாது. குட்டி தும்மினால் பாசத்தில் அதன் பெட்டியில் இரண்டு சொட்டு விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தத் தைலம், அதாவது யூக்கலிப்டஸ் எண்ணெய், பூனைக்கு நஞ்சு. விண்டர்கிரீன் எண்ணெயும், கிராம்பு எண்ணெயும் அப்படியே. நம் கல்லீரல் முறித்து வெளியேற்றும் பல பொருட்களைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது. தைலம் தடவிய கையோடு குட்டியைத் தூக்கினால், அது தன் ரோமத்தை நக்கும்போது எல்லாம் உள்ளே போகும். பாராசிட்டமால் ஒரு மாத்திரை வளர்ந்த பூனையையே கொல்லும். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் குட்டியின் பக்கமே கொண்டுபோகக் கூடாது.

பூக்களிலும் கவனம் வேண்டும். ஓடைக்கரைகளில் வெள்ளையாகப் பூக்கும் ஆரம் லில்லியைக் கடித்தால் வாய் எரிந்து எச்சில் வடியும். பூங்கொத்தில் வரும் ஏசியாட்டிக், ஓரியண்டல் லில்லிகள் அதைவிட மோசம். மகரந்தத்தை நக்கினாலே சிறுநீரகம் செயலிழக்கும். திறந்த வீட்டில் இத்தனையையும் ஒரே நாளில் ஒதுக்கிவைக்க முடியுமா? ஒரு அறையில் முடியும்.

குழந்தைகள், படர்தாமரை, ஊசி

குட்டிகளுக்குப் படர்தாமரை வருவது சகஜம், ஈர ஊரில் கேட்கவே வேண்டாம். காது நுனியிலும் முகத்திலும் வட்டமாக முடி உதிர்ந்திருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை குழந்தைகள் மடியில் வைத்துக்கொள்ள வேண்டாம். வீடு முழுக்க ஓடிய குட்டி என்றால் எல்லாப் படுக்கையையும் துவைக்க வேண்டிவரும்.

குழந்தைகளுக்கு ஒரே ஒரு விதி சொல்லிக்கொடுத்தால் போதும்: தரையில் உட்கார், குட்டி வரட்டும். முதலில் முழங்கால்வரை வந்து மோந்துவிட்டு ஓடும். அப்புறம் வாலை நேராகத் தூக்கிக்கொண்டு வந்து நெற்றியால் முட்டும். அதற்குப் பிறகு தூக்கலாம்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை என்று பதினாறு வாரம்வரை. மூன்று மாதத்தில் ரேபிஸ் ஊசி. வெளியிலிருந்து வந்த குட்டி கீறினாலோ கடித்தாலோ சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ரேபிஸ் தடுப்பூசிக்குப் பேர்போன பாஸ்டர் நிறுவனம் 1907-லிருந்து இயங்கும் குன்னூர் இருக்கிற மலை இது. இந்த விஷயத்தில் நமக்கு அலட்சியம் ஆகாது.

எப்போது கதவைத் திறப்பது?

நாளைக் கணக்கு வைக்க வேண்டாம். நீங்கள் உள்ளே போகும்போது குட்டி ஒளியாமல் எதிரே வந்தால், தட்டை ஒழுங்காகப் பயன்படுத்தினால், கதவிடுக்கில் கையை விட்டு விளையாடினால் தயார் என்று அர்த்தம். முதலில் அடுத்த அறை மட்டும். பயந்தால் ஓடித் திரும்ப பழைய அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். வீட்டில் ஏற்கெனவே பூனை இருந்தால் அதன் துணியை இங்கும், குட்டியின் துணியை அங்கும் மாற்றிப் போட்டு, கதவின் இருபுறமும் சாப்பாடு வைத்துப் பழக்குங்கள். நாய் என்றால் சங்கிலியோடு.

வீட்டுக்கு வெளியே விடுவதைப் பற்றி என் கருத்து கறாரானது. சிறுத்தை வாசல்வரை வந்து நாயைத் தூக்குகிற ஊர் இது. சோலையோரத்து வீடுகளில் பூனைகள் பிடிப்பது எலியை மட்டுமில்லை. தாழ்ந்த புதர்களில் கூடு கட்டும் நீலகிரி சிரிப்பான் போன்ற, இந்த மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லாத பறவைகளும் அவற்றுக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கின்றன. நாலு மாதத்திலேயே பெண்குட்டி சினையாகலாம். கருத்தடை முடியும்வரை வாசற்படி தாண்டக் கூடாது.

"பூனைய உள்ளயே எப்படி அத்தை அடைச்சு வைக்கிறது, எலி பிடிக்கத்தானே வாங்கினோம்?" என்று கேட்கும் வீடுகளும் உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது: முதல் சில வாரம் கட்டிலடி, அப்புறம் வீடு, கருத்தடைக்குப் பிறகு பகலில் மட்டும் தோட்டம். பெரிய சாப்பாட்டைச் சாயங்காலம் இருட்டுவதற்கு முன், எப்போதும் ஒரே நேரத்தில், வீட்டுக்குள்ளேயே வையுங்கள். அந்த நேரத்துக்கு அது தானாகத் திரும்பி வரும். வந்ததும் கதவைச் சாத்திவிடலாம்.