5–24 வோல்ட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய ஸ்டெப்பர் டிரைவ்: 11,400 ரூபாய் போச்சு

கோவையில் ஆட்டோமேஷன் சாமான் விற்கும் ஒரு கடை. பெயர் போடவில்லை. அங்கே மூன்று ஸ்டெப்பர் டிரைவ் (ஒவ்வொரு பல்ஸுக்கும், அதாவது சிக்னல் துடிப்புக்கும், மோட்டாரை ஒரு படி நகர்த்தும் பெட்டி) வாங்கி 11,400 ரூபாயைத் தொலைத்துவிட்டு நிற்கிறேன். என்ன நடந்தது, வாங்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும் என்று கை நடுக்கத்தோடு எழுதுகிறேன்.

மசாலா பாக்கெட் மெஷின்களுக்கு பேனல் கட்டுவது என் தொழில். மெஷினுக்குக் கட்டளை கொடுக்கும் கண்ட்ரோலரான எங்கள் பிஎல்சியின் அவுட்புட் 24 வோல்ட். ஸ்டெப்பர் டிரைவில் பல்ஸ், டைரக்‌ஷன், எனேபிள் என்று மூன்று ஜோடி சிக்னல் முனைகள் இருக்கும். நிறைய மாடல்களில் அவை 5 வோல்ட்டுக்கானவை. 24 வோல்ட் கொடுப்பதானால் கரண்டைக் குறைக்க ஒவ்வொரு லைனிலும் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டாக வேண்டும். கடையில் நான் கேட்ட முதல் கேள்வியே இதுதான்.

"ரெசிஸ்டரெல்லாம் வேண்டாங்ண்ணா, இது புது மாடல், 24 வோல்ட்டை நேரா கொடுங்க" என்றார் கடைக்காரர். டிரைவின் முகப்பிலும் 5–24 வோல்ட் என்றே போட்டிருந்தது. அதோடு விடவில்லை. எஸ்டிமேட் சீட்டைத் திருப்பி, பேனாவால் வயரிங்கையே வரைந்து கொடுத்தார். பிஎல்சி அவுட்புட் நேராக பல்ஸ் பிளஸுக்கு, பல்ஸ் மைனஸ் 0 வோல்ட்டுக்கு. இவ்வளவு பொறுப்பாகச் சொல்பவரை யார் சந்தேகப்படுவார்கள்? அங்கேயே நின்று ஜிபேயில் 11,400 ரூபாய் அனுப்பினேன்.

அவர் வரைந்தபடியே கொடுத்தேன். கொஞ்ச நேரம் ஓடியது. அப்புறம் பாக்கெட் நீளம் மாற ஆரம்பித்தது. கடைசியில் மோட்டார் இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, பல்ஸ் கொடுத்தால் அசையவே இல்லை. ஒன்றன்பின் ஒன்றாக மூன்றும் அப்படியே.

போன் செய்தால், "பச்சை லைட் எரியுதில்லீங்க? அப்ப டிரைவ் நல்லாத்தான் இருக்கு." பச்சை லைட் பவர் வருவதை மட்டும்தான் காட்டும், பல்ஸை உள்ளே வாங்கும் ஆப்டோகப்ளர் செத்தாலும் அது எரியும். இது அவருக்குத் தெரியாதா? வீடியோ கேட்டார், அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனால் "வயரிங் தப்புங்க." அவர் வரைந்த சீட்டையே நீட்டினேன். "அது சும்மா ஐடியாவுக்கு வரைஞ்சதுங்க." அதற்கும் மேலே கேட்டால், எலக்ட்ரானிக் ஐட்டத்துக்கு வாரண்டி கிடையாதாம்.

பட்டறைக்கு வந்து கவரைக் கழற்றினேன். ஆப்டோகப்ளருக்கு முன்னால் 271 என்று அச்சிட்ட ரெசிஸ்டர், அதாவது 270 ஓம். 5 வோல்ட்டில் சுமார் 13 மில்லியாம்ப் போகும், சரி. 24 வோல்ட்டில் 80 மில்லியாம்ப்பைத் தாண்டும். ஆப்டோகப்ளருக்குள் இருக்கும் துக்கடா எல்இடி எப்படித் தாங்கும்? முகப்பு ஸ்டிக்கரை நகத்தால் உரித்தேன். அடியில் பழைய ஸ்டிக்கர், 5 வோல்ட் மட்டும். தெரிந்தே ஒட்டி விற்றிருக்கிறார்கள். மெஷினுக்காகக் காத்திருக்கும் பார்ட்டிக்கு நான் என்ன பதில் சொல்வது?

வாங்கப் போகிறவர்கள் ஸ்டிக்கர் ஓரத்தைக் கட்டாயம் தடவிப் பாருங்கள். தயாரித்த கம்பெனியின் மேனுவலைக் காட்டச் சொல்லுங்கள், காட்டாவிட்டால் வாங்காதீர்கள். சில டிரைவில் 5/24 மாற்றும் ஸ்விட்ச் இருக்கும், கரண்ட் கொடுக்கும் முன் அதைப் பாருங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் பணம் அனுப்பவே அனுப்பாதீர்கள்.

11,400 ரூபாயில் ஒரு பைசா திரும்பவில்லை. சீட்டையும் இரண்டு ஸ்டிக்கரையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன். நுகர்வோர் உதவி எண் 1915-க்கு நாளை காலையிலேயே பேசப் போகிறேன்.