பேச்சு எந்தப் பாதையில் ஓடும்? லண்டனைச் சுற்றி நான்கு நடைகள்

எங்கள் நடைக்குழுவில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரே சண்டைதான். அடுத்த பருவத்துக்கு அட்டவணை போட உட்கார்ந்தால் ஒருவர் கடலோரத்துச் செவன் சிஸ்டர்ஸ் என்பார். இன்னொருவர் லீத் ஹில் என்பார். சேற்றுக்குப் பயந்தவர்கள் தேம்ஸ் கரை போதும் என்பார்கள். பாக்ஸ் ஹில்லை யாரும் கேட்கவே மாட்டார்கள், ஆனாலும் அது எப்படியாவது பட்டியலுக்குள் வந்துவிடும். தெற்கு லண்டனில் காலை ரயிலேறி இருட்டுவதற்குள் வீடு திரும்ப நினைப்பவர்களுக்கு இந்த நான்கும் தோதானவை.

எத்தனை மைல், எவ்வளவு ஏற்றம் என்பதெல்லாம் எங்கே வேண்டுமானாலும் கிடைக்கும். நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நடக்கப் பாதையில் இடம் இருக்கிறதா? தனியாக நடப்பவருக்கு இது பொருட்டில்லை. முன்பின் தெரியாதவர்கள் பாதிப் பேராகப் பதினைந்து பேர் கிளம்பும்போது, அந்த நாள் நன்றாகப் போகுமா என்பது இதில்தான் இருக்கிறது.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். இங்கிலாந்தில் வயலுக்கு நடுவே போகும் ஒற்றையடிப்பாதைக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நிலம் விவசாயியுடையது, ஆனால் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு. 1932இல் நடக்கும் உரிமை கேட்டுக் கிண்டர் ஸ்கவுட் மலையில் அத்துமீறி ஏறியதை ஒட்டி ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். 1935இல் ராம்ப்ளர்ஸ் என்ற நடையர் சங்கம் உருவானது. 1949 சட்டம் வந்த பிறகு இந்தப் பாதைகளை அதிகாரபூர்வமாக வரைபடத்தில் ஏற்றினார்கள். கம்பத்தில் மஞ்சள் அம்பு இருந்தால் நடப்பவர்களுக்கு மட்டும். நீல அம்பு இருந்தால் குதிரையும் சைக்கிளும் போகலாம். குதிரை போகிற அகலம் என்றால் பேச்சும் போகிற அகலம்தானே. அட்டவணை போடும் அன்று வரைபடத்தில் நான் தேடுவது நீல அம்புப் பாதைகளைத்தான்.

லீத் ஹில்லுக்காக நான் சண்டை போடுவதற்கு முதல் காரணம் இது. டார்க்கிங்கிலிருந்து கோல்ட்ஹார்பர் கிராமம் வழியாக ஏறினால் பைன் காட்டுக்குள் அகலமான தடங்கள் கிடைக்கும். ஏற்றம் இருக்கிறது, ஆனால் மூச்சைப் பிடுங்காது. பேசிக்கொண்டே உச்சிக்கு வந்துவிடலாம். மலை 294 மீட்டர். ரிச்சர்ட் ஹல் என்பவர் 1765இல் அதன் மேல் ஒரு கோபுரம் கட்டினார். அதையும் சேர்த்தால் உயரம் ஆயிரம் அடியைத் தாண்டிவிடும். மனிதரைப் புதைத்திருப்பதும் அந்தக் கோபுரத்தின் அடியில்தான். இப்போது அங்கே டீயும் கேக்கும் விற்கிறார்கள்.

இரண்டாவது காரணம் மண். லீத் ஹில் மணற்பாறை மேடு. மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும், பாதை சீக்கிரம் காயும். ஆனால் மலையின் தெற்கு, கிழக்கு அடிவாரம் முழுக்கக் களிமண். ஒரு பிப்ரவரி சனிக்கிழமை ஹோம்வுட் ரயில் நிலையத்திலிருந்து கிளம்பினோம். இரண்டாவது வயலில் என் வலது கால் வெளியே வந்தது, பூட்ஸ் வரவில்லை. ஒற்றைக் காலில் நின்றுகொண்டு சாக்ஸை நனையாமல் பிடித்திருக்கிறேன். பின்னால் வந்த எழுபது வயதுக்கு மேற்பட்ட அம்மா ஒருவர் குனிந்து, கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல் இரண்டு கையாலும் அதை இழுத்தெடுத்துக் கொடுத்தார். அதுவரை அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. அன்றைக்கு மிச்ச ஆறு மைலும் அவரோடுதான். ஆக, களிமண்ணும் ஆளை ஆளோடு சேர்த்துவைக்கும் என்று வாதாடலாம். ஆனாலும் குளிர்காலத்தில் டார்க்கிங் பக்கமிருந்தே ஏறுங்கள். ஹோம்வுட்டில் ஞாயிற்றுக்கிழமை ரயிலும் கிடையாது.

லீத் ஹில்லின் மாதம் ஏப்ரல் கடைசியும் மே முதல் வாரமும்தான். மரங்கள் முழுக்க இலை விட்டு நிழலை மூடுவதற்கு முன்னால், தரையெங்கும் ப்ளூபெல் பூத்துக் கிடக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் காட்டுக்குள் நீலப் புகை தங்கி நிற்பதுபோல் இருக்கும். படம் எடுக்கிறேன் என்று பூவுக்குள் காலை வைக்கக் கூடாது. மிதிபட்ட செடி தேற வருடக்கணக்காகும்.

செவன் சிஸ்டர்ஸ் அழகில் இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டுவிடும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சீஃபோர்டில் தொடங்கி ஈஸ்ட்போர்ன் வரை ஏறக்குறைய 14 மைல். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை செங்குத்தாகக் கடலுக்குள் இறங்கும், மேலே பச்சைப் புல். ஏழு மேடுகளில் முதலாவதான ஹேவன் ப்ரோ 77 மீட்டர்தான், ஆனால் ஏறி இறங்கி, ஏறி இறங்கி, கடைசியில் 162 மீட்டர் பீச்சி ஹெட். நடுவில் கக்மியர் ஆறு வேறு. கடலோரமாகவே நேராகப் போகப் பாலம் கிடையாது. எக்ஸீட் என்ற இடம் வரை உள்ளே நடந்து, பாலம் தாண்டி, திரும்பக் கடலுக்கு வர வேண்டும்.

குழு நடைக்கு இது சரிவராது என்பது என் கட்சி. புல்வெளி எவ்வளவோ அகலம், பத்துப் பேர் வரிசையாக நடக்கலாம். ஆனால் காற்று விடாது. பக்கத்தில் இருப்பவர் சொன்னதை மூன்று தடவை கேட்டுவிட்டு, நான்காவது தடவை சும்மா சிரித்து வைப்போம். ஏற்ற இறக்கத்தில் குழுவும் நூலறுந்த மணிமாலைபோல் சிதறிவிடும். வேகமாக நடப்பவர்கள் மூன்றாவது மேட்டில் நிற்பார்கள், கடைசி ஆளைக் கூட்டிவரும் பொறுப்பாளர் முதல் மேட்டில் இருப்பார். பாறை விளிம்பு எப்போது சரியும் என்று சொல்ல முடியாது என்பதால், பார்த்துப் பார்த்து விலகியே நடக்க வேண்டும். பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கத்தையே 1999இல் அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள், கடல் அவ்வளவு அரித்துவிட்டது.

போவதென்றால் ஜூனில் போங்கள். ஒன்பது மணி தாண்டியும் வெளிச்சம் இருக்கும், யாரையும் விரட்ட வேண்டாம். நிழல் என்று ஒரு மரம்கூடக் கிடைக்காது, தொப்பி அவசியம். முடியாதவர்கள் எக்ஸீட்டில் 12ஆம் எண் பேருந்தைப் பிடித்துக்கொள்ளலாம்.

பாக்ஸ் ஹில்லுக்கு இவ்வளவு சொல்லத் தேவையில்லை. ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே மோல் ஆறு, அதைத் தாண்ட 17 கற்கள். போர்க்காலத்தில் எடுத்துவிட்டுப் பிறகு திரும்பப் போட்ட கற்கள் இவை, 1946இல் பிரதமர் அட்லி வந்து திறந்துவைத்தார். அடுத்து மலைமேல் ஏறும் படிகள். அங்கே பேச்சு நின்று மூச்சு மட்டும் கேட்கும். மழை நாளில் சுண்ணாம்பு சோப்புபோல் வழுக்கும். உச்சியிலோ ஒரே கூட்டம். 2012 ஒலிம்பிக்கில் சைக்கிள் பந்தயம் இந்தப் பக்கம் வந்த பிறகு, சைக்கிள்காரர்களுக்கு இது கோயில் மாதிரி. ஊரிலிருந்து அம்மா அப்பா வந்திருந்தால் கூட்டிப்போகலாம், படிகளைத் தவிர்த்துக் காரில்.

சாப்பாட்டுக் கணக்கு தனி. பதினைந்து பேர் பப்புக்குள் நுழைந்து ஞாயிறு ரோஸ்ட் என்ற இறைச்சிச் சாப்பாடு கேட்டால் ஒரு மணி நேரம் போய்விடும். பூட்ஸை வாசலிலேயே கழற்ற வேண்டும், எழும்போது கால் விறைத்திருக்கும். கட்டுச்சோறுதான் என் ஓட்டு, பப் நடை முடிந்த பிறகு. முதல் ஜனவரியில் எலுமிச்சைச் சாதம் கொண்டுபோனேன். திறந்தபோது சோறு பருக்கை பருக்கையாகக் கல்லாகியிருந்தது. இப்போது உருளைக்கிழங்கு மசாலா வைத்துச் சுருட்டிய சப்பாத்தி. கையுறையைக் கழற்றாமலே சாப்பிடலாம், பக்கத்தில் இருப்பவருக்குப் பாதி பிய்த்தும் கொடுக்கலாம்.

டிசம்பர், ஜனவரிக்குத் தேம்ஸ். ஹாம்ப்டன் கோர்ட்டில் தொடங்கி கிங்ஸ்டன், டெடிங்டன் மதகு வழியாக ரிச்மண்ட் வரை எட்டு மைல்போல் வரும். சமதரை. அந்தக் காலத்தில் குதிரைகள் படகை இழுத்துப்போன கரை இது, அகலத்துக்குப் பஞ்சமில்லை. நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும் மாதத்தில், நினைத்த இடத்தில் நடையை வெட்டிக்கொண்டு ரயிலேற முடிவது பெரிய வசதி. பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பார்கள். ஒன்றும் பெரிதாக இல்லை. அதனால்தான் எல்லோரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்கள்.

குறை என்று தேடினால், இந்தப் பாதையில் ஜோடி மாறுவதில்லை. மலைப்பக்கம் வேலிக்கு வேலி கிஸ்ஸிங் கேட் என்ற கதவு உண்டு. ஒரு தடவைக்கு ஒரு ஆள்தான் நுழைய முடியும், மாடு வெளியே வராது. ஒவ்வொருவராக நுழைந்து அந்தப் பக்கம் போனதும், கூட நடந்தவர் எங்கோ போயிருப்பார், புது ஆள் பக்கத்தில் இருப்பார். அலட்டிக்கொள்பவரிடமிருந்து தப்பிக்க இதைவிட நாகரிகமான வழி கிடையாது. தேம்ஸ் கரையில் மாட்டினால் எட்டு மைலும் அவர்தான்.

இன்னொன்று ஓதம். டெடிங்டனுக்குக் கீழே ஆற்றில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு. ஒரு ஞாயிறு மழையும் பார்த்தோம், ரயிலும் பார்த்தோம், இதை மட்டும் பார்க்கவில்லை. ரிச்மண்டுக்குக் கொஞ்சம் முன்னால் பாதையே தண்ணீருக்குள் போயிருந்தது, பெஞ்சுகளின் முதுகு மட்டும் தெரிந்தது. வடியும்வரை கரையில் நின்று பிஸ்கட்டையெல்லாம் தீர்த்தோம். அதிலிருந்து தலைவர் ஓத அட்டவணையைத் திறக்கும்போதே, நான் எங்கள் வீட்டுத் தினசரி நாட்காட்டியில் அமாவாசை, பௌர்ணமி பார்த்துச் சொல்லிவிடுகிறேன். அதை ஒட்டிய இரண்டு நாள் வேண்டாம் என்றால், அவருடைய அட்டவணையும் அதையேதான் சொல்கிறது.