எம்.சி.ஆர். செருப்பு: பதினான்கு மாதம் அணிந்து பார்த்ததில்

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில், பாடலீஸ்வரர் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு குறுக்குச் சந்தில், காலை அளந்து செருப்பு தைத்துக் கொடுக்கும் சிறிய கடை ஒன்று இருக்கிறது. சர்க்கரை நோயால் பாதம் மரத்துப் போனவர்களுக்கான எம்.சி.ஆர். (சிறு காற்றறைகள் நிறைந்த நுண்ணறை ரப்பர்) செருப்பை அங்கே தைக்கிறார்கள். சென்ற ஆண்டு ஆவணியில் என் தாயாருக்கு அங்கே ஒரு ஜோடி தைத்து வாங்கினேன். விலை 1,450 ரூபாய். பாலிடெக்னிக்கில் பொருள்களின் வலிமையைப் பாடமாக நடத்துகிறவன் என்பதால், பதினான்கு மாதங்களாக அந்தச் செருப்பை மாதம் ஒருமுறை அளந்தும் வந்திருக்கிறேன்.

பாதணி நன்றாக இருக்கிறதா என்று அதை அணிபவரிடம்தான் கேட்போம். ஆனால் இந்தப் பாதணியை அணிபவருக்கு அது கடிக்கிறதா இல்லையா என்பதே தெரியாது. இதை நான் புரிந்துகொண்டது புதுச்சேரியில், மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவில். அங்கிருந்த செவிலியர் அம்மாவைக் கண்களை மூடிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒரு பிடியில் பொருத்திய நைலான் இழையைப் பெருவிரலின் அடிமேட்டில் வைத்து அழுத்தினார். சரியாக 10 கிராம் விசை வந்ததும் வளையும்படி செய்த இழை அது. மெல்லிய தூண் ஒன்று எந்தச் சுமையில் வளையும் என்று வகுப்பில் கரும்பலகையில் போடும் அதே கணக்கு. இழை வில்லாக வளைந்து நின்றது. "தெரியும்போது சொல்லுங்கம்மா" என்றார் செவிலியர். அம்மா கண்ணைத் திறக்காமலே, "இன்னும் வைக்கலியா?" என்று கேட்டார்.

அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான் வேறொரு கடையில், சர்க்கரை நோயாளிகளுக்கானது என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த ஆயத்தச் செருப்பு ஒன்றை வாங்கியிருந்தேன். கடையில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தபோது பஞ்சு போல அமுங்கியதால் நல்லது என்று நம்பினேன். இரண்டே மாதத்தில் முன்பாதத்தின் கீழிருந்த பஞ்சு தகடாகிவிட்டது. வாரைப் பிடித்திருந்த சிறு ஆணி ஒன்று அந்தத் தகட்டைத் துளைத்து மேலே எட்டிப் பார்த்திருக்கிறது. அம்மா அதன் மேலேயே நான்கைந்து நாள் நடந்திருக்கிறார். தரையில் இரத்தக் கறையைப் பார்த்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்தப் புண் ஆற ஏழு வாரம் ஆயிற்று. கட்டைவிரலின் சோதனையை நம்பி வாங்கியது என் பிழை. இதை எழுத உட்கார்ந்ததற்கு முதன்மையான காரணமும் அதுதான்.

எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். இது பாதத்துக்கு வந்த வழி நம் பக்கத்து வேலூர் வழியாகத்தான். கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்ட் என்ற அறுவை மருத்துவர் 1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாத காரணத்தால் காயத்தின் மேல் காயம் பட்டே தேய்ந்து போகின்றன என்பதை அவர் நிறுவினார். வலி தெரியாத பாதத்துக்கு மருந்தைப் போலவே செருப்பும் சிகிச்சைதான் என்ற எண்ணம் அங்கிருந்து வளர்ந்தது. வேலூரிலும், அதன் அருகே கரிகிரியில் இருக்கும் தொழுநோய் மையத்திலும் நடந்த பணிகளில்தான் மென்மையான நுண்ணறை ரப்பரும், ஆணி இல்லாத தையலும், குதிகாலைப் பிடிக்கும் பின்வாரும் பாதணிக்குள் வந்தன. பிற்பாடு சர்க்கரை நோய்க்கும் அதுவே பொருந்தியது. நோய்தான் வேறே தவிர, பாதம் உணர்ச்சியற்றுப் போவதும் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப அழுத்தம் விழுவதும் இரண்டிலும் ஒன்றே.

இனி கடைக்கு வருகிறேன். நாங்கள் முதலில் காலை பத்து மணிக்குப் போனோம். கடைக்காரர் அளவெடுக்க மறுத்து, சாயங்காலம் வரச் சொன்னார். நாள் முழுவதும் நடந்தபின் பாதம் சற்று வீங்கியிருக்கும், காலையில் எடுத்த அளவு மாலையில் இறுக்கும் என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஒரு சொல்லிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மாலையில், சிறு கட்டங்கள் கொண்ட ரப்பர்ப் பாயில் மை தடவி, மேலே தாளை விரித்து, அம்மாவை அதன் மீது ஓர் அடி வைத்து நடக்கச் சொன்னார். "அழுத்தி வைக்காதீங்கம்மா, வீட்டுல நடக்கிற மாதிரியே நடங்க." தாளைத் தூக்கியபோது குதிகாலும் நான்கு விரல்களும் சாம்பல் நிறத்தில் இருந்தன; பெருவிரலின் அடிமேடு மட்டும் ஐம்பது காசு அளவுக்குக் கன்னங்கரேலென்று இருந்தது. புண் வந்து ஆறிய இடம் மிகச் சரியாக அதுவே. பிறகு பென்சிலைச் சாய்க்காமல் நட்டக்குத்தலாகப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்து, நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இடம் விட்டார்.

அந்தக் கறுப்பு வட்டத்தை எண்களில் சொல்லலாம். அம்மாவின் எடை 62 கிலோ, அதாவது ஏறத்தாழ 600 நியூட்டன். நடக்கும்போது ஒரு கணம் உடம்பு முழுவதும் ஒரு காலின் முன்பாதத்தில் நிற்கிறது. அது 30 சதுர சென்டிமீட்டரில் இறங்கினால் சராசரி அழுத்தம் 200 கிலோபாஸ்கல். இரு மடங்குப் பரப்பில் பரவினால் அதில் பாதி. நீரிழிவுப் பாதத்துக்கான சர்வதேசச் செயற்குழு, பாதத்தின் அடியில் புண் வந்து ஆறியவர்களுக்குப் பாதணிக்குள் உச்ச அழுத்தம் 200 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருக்க வேண்டும், அல்லது முன்பிருந்ததைவிட 30 சதவீதமாவது குறைய வேண்டும் என்கிறது. எடையைக் குறைக்க முடியாதபோது பரப்பைக் கூட்டுவது ஒன்றே வழி. இந்தக் கடைக்காரர் பாதத்தின் வளைவுக்குக் கீழே ரப்பரை உயர்த்திக் கொடுத்து, அதுவரை எதையும் தாங்காமல் இருந்த நடுப்பாதத்தையும் சுமக்க வைத்திருக்கிறார். செருப்பின் அடித்தளத்தை முன்பக்கம் சற்று மேல்நோக்கி வளைத்திருப்பதால், விரல்களை மடக்கி உந்தாமல் உருண்டபடியே அடுத்த அடியை எடுக்க முடிகிறது.

மென்மையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரப்பரின் கடினத்தை ஷோர் என்ற அளவில் குறிப்பார்கள்; எண் குறையக் குறைய மென்மை கூடும். உள்தளத்துக்கான எம்.சி.ஆர். சுமார் 15 முதல் 20 டிகிரி வரை இருக்கும். அதைவிட மென்மையானது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மிக மென்மையான பஞ்சு ஓர் அடியிலேயே முழுவதும் நசுங்கி, பாதம் அதற்குக் கீழே இருக்கும் கெட்டியான தளத்தில் போய் இடிக்கிறது. என் முதல் செருப்பில் நடந்தது இதுவே. ஆயத்தச் செருப்புகளில் பெரிதும் பயன்படும் ஈ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் நுரை எடை குறைந்தது, சூடுபடுத்தி வடிவமைக்க எளியது. ஆனால் தினமும் அமுங்கும் இடத்தில் அதன் அறைகள் மெல்லத் தட்டையாகி, பழைய தடிப்புக்குத் திரும்புவதில்லை. எம்.சி.ஆரில் ரப்பரின் சங்கிலிகளைக் கந்தகம் குறுக்கே பிணைத்திருப்பதால் மீண்டெழும் குணம் கூடுதல். கூடுதல் என்றுதான் சொல்கிறேன், நிரந்தரம் அன்று. வாங்கிய நாளில் 10 மில்லிமீட்டர் இருந்த உள்தளம், ஒன்பதாம் மாதம் குதியில் 9.1, பெருவிரல் மேட்டின் கீழ் 7.4 என்று காலிப்பரில் காட்டியது. கடைக்காரர் 350 ரூபாய்க்குப் புதிய உள்தளம் ஒட்டிக் கொடுத்தார். கேட்டால் மாற்றித் தருகிறாரே தவிர, எப்போது மாற்ற வேண்டும் என்று அவராகச் சொல்வதில்லை. காலிப்பர் இல்லாத வீடுகளில் இதை யார் கவனிப்பார்கள்? பில்லிலேயே ஒரு தேதியைக் குறித்துக் கொடுக்கலாம்.

குறைகள் இன்னும் உண்டு. செருப்பு கனமானது. வெல்க்ரோ வாரில் தேவனாம்பட்டினக் கடற்கரை மணலும் நூல் பிசிறும் சேர்ந்து இரண்டே மாதத்தில் பிடிப்பு தளர்ந்தது. பழைய பல் துலக்கியால் வாரம் ஒருமுறை சுத்தம் செய்ய வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழையில் நனைந்தபோது தோல் வாரில் பூஞ்சை பூத்ததுடன், முன்பக்கம் ஒட்டு விட்டு வாயைத் திறந்தது. கடலோர ஊருக்குத் தைக்கிறவர் தோலுக்குப் பதிலாக உள்ளே மென்துணி வைத்த செயற்கை வாரைப் போட்டிருக்கலாம்.

இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று இருந்தது. முதல் வாரம் பக்கத்து வீட்டுப் பெண்மணி செருப்பைப் பார்த்துவிட்டு, "இது குஷ்டக்காரங்க போடுறதாச்சே" என்றார். அம்மா அதைக் கழற்றி மூலையில் போட்டவர் பத்து நாள் தொடவில்லை. அந்த நோயாளிகளுக்காக உழைத்துக் கண்டறிந்தது நம் காலைக் காக்கிறது என்று நான் சொன்னது எடுபடவில்லை; வாரின் நிறத்தைக் கறுப்பிலிருந்து அரக்குக்கு மாற்றி, முன்னால் ஒரு சிறு பித்தளைப் பக்கிள் வைத்த பிறகே அணிந்தார். வடிவமைப்பு என்பது அழுத்தக் கணக்கோடு முடிவதில்லை என்பதை என் மாணவர்களுக்கு இப்போது இந்த பக்கிளைக் காட்டித்தான் சொல்கிறேன்.

வீட்டுக்குள் செருப்பு போடுவதற்கு நம்மில் யாருக்கும் மனம் வராது. ஆனால் மேலைநாட்டு ஆய்வுகளிலேயே, நோயாளிகள் வீட்டுக்குள்தான் அதிகம் நடக்கிறார்கள், அங்கேதான் காப்புச் செருப்பைக் குறைவாக அணிகிறார்கள் என்று தெரிய வந்திருக்கிறது. ஆகவே அடுக்களைக்கும் கூடத்துக்குமாக, தெருவில் இறங்காத இன்னொரு ஜோடியைத் தைத்து வாங்கினோம். திருவந்திபுரம் மலைக்கு நண்பகலில் வெறுங்காலுடன் ஏறுவதை அம்மா விட்டுவிட்டு, விடியற்காலையில் தடித்த பருத்திக் காலுறையுடன் போய் வருகிறார்.

பதினான்கு மாதத்தில் புதிய புண் இல்லை. பெருவிரல் மேட்டில் கட்டிய காய்ப்பும் மெலிந்திருக்கிறது. ஒரு காலை மட்டும் வைத்து ஒரு செருப்பைத் தீர்ப்பளிக்க முடியாது என்பதை அறிவேன்; இருந்தாலும் இதே கடைக்குத்தான் மறுபடியும் போவேன். போகிறவர்கள் மாலை நான்கு மணிக்கு மேல் போங்கள், தைக்கப் பத்து நாள் ஆகும். வாங்கும் அன்றே உள்தளத்தின் அடியில் தேதியைப் பேனாவால் எழுதிவிடுங்கள். அணியும் முன் ஒவ்வொரு முறையும் உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள்; எங்கள் வீட்டில் அந்த வேலை என் மகளுடையது, சென்ற மாதம் அவள் கையில் ஒரு புளியங்கொட்டை அகப்பட்டது.