மாநாட்டு இடைவேளையில் போர்ட் லூயி: ஆப்ரவாசி காட்டா, சிட்டடெலா?

மொரீஷியஸ் தலைநகர் போர்ட் லூயியில் மாநாட்டுக்கு வருகிறவர்களுக்குக் கிடைப்பதே அரை நாள்தான். எங்கே போவது?

நடை: ஆப்ரவாசி காட் என்னும் படித்துறை துறைமுகத்தை ஒட்டிச் சமதளத்தில் இருக்கிறது. சிட்டடெல் கோட்டைக்குக் குன்றேற வேண்டும். மதிய வெயிலில், கோட்டும் டையுமாக, வேண்டவே வேண்டாம்.

பார்க்க: படித்துறையில் 1849இல் தொடங்கிய குடியேற்ற முகாமின் எச்சங்களும், ஒப்பந்தக் கூலிகள் ஏறிய 16 கற்படிகளும் உள்ளன. 2006 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னம். இங்குள்ள தமிழர் பலரின் கொள்ளுப்பாட்டன்மார் வந்திறங்கிய வழி இது; அருங்காட்சியகத்தில் நின்று படித்தால் ஒரு மணி நேரம் போதாது. சிட்டடெல் ஆங்கிலேயர் கட்டிய கருங்கல் கோட்டை. உள்ளே பெரிதாக ஒன்றுமில்லை; மேலிருந்து துறைமுகமும் ஷாம் த மார்ஸ் குதிரைப்பந்தயத் திடலும் தெரியும்.

செலவு: படித்துறைக்கு டிக்கெட் கிடையாது. கோட்டைக்கு டாக்சிக் கூலி.

வேலை நாளில் பகல் ஓய்வு கிடைத்தால் படித்துறைதான். ஞாயிறன்று அது மூடியிருக்கும். படம் எடுத்தால் போதும் என்பவர்கள் கோட்டைக்குப் போகலாம்.