ராணுவத் தளத் துப்புரவு: அறிக்கையைப் படித்துக் கண்காணிப்பதா, மண்ணை நேரில் அளப்பதா?

அமெரிக்காவில் ஒரு ராணுவத் தளம் மூடப்பட்டால், மண்ணிலும் நிலத்தடி நீரிலும் தங்கிவிட்ட நச்சை அகற்றுவது ராணுவத்தின் பொறுப்பு. வேலையைச் செய்வது பெரும்பாலும் ஒப்பந்த நிறுவனம். மாநில அரசு மேற்பார்வை பார்க்க வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எப்படிப் பார்ப்பது என்பதில்தான் இரண்டு வழி. ஒப்பந்ததாரர் தரும் ஆய்வு முடிவுகளைப் படித்து, கேள்வி கேட்டு, ஒப்புதல் தருவது ஒன்று. மாநிலமே ஆள் அனுப்பி மண்ணை எடுத்து அளந்து பார்ப்பது இன்னொன்று. சான் பிரான்சிஸ்கோ பக்கத்தில் குடியிருப்பவன் நான். மூடப்பட்ட ஹன்டர்ஸ் பாயின்ட் கடற்படைக் கப்பல் தளம் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது, இரண்டாவது வழியைத்தான் கேட்டு எழுதிக் கொடுத்தேன்.

முதல் வழி மலிவு, வேலையும் நிற்காது. மாநிலத்தின் மேற்பார்வைச் செலவைப் பாதுகாப்புத் துறை ஓர் உடன்படிக்கையின்படி திருப்பித் தருகிறது. அதற்கான பொதுவான உச்சவரம்பு துப்புரவுச் செலவில் 1 சதவீதம். அறிக்கை படிக்க ஆள் வைக்க அது போதும். களத்தில் தொடர்ந்து ஆள் நிறுத்தவும் தனி ஆய்வகத்துக்குக் கொடுக்கவும் கைப்பணம் போட வேண்டியிருக்கும்.

ஆனால் ஹன்டர்ஸ் பாயின்டில் நடந்ததைப் பாருங்கள். 1946இல் பசிபிக் கடலின் பிக்கினி தீவில் அணுகுண்டு சோதனைக்கு உள்ளான கப்பல்களில் பலவற்றை இங்கே கொண்டுவந்து கழுவினார்கள். கடற்படையின் கதிரியக்க ஆய்வுக்கூடமும் 1969 வரை இங்கேதான் இருந்தது. 1989இல் தளம் சூப்பர்ஃபண்ட் பட்டியலில், அதாவது நாட்டிலேயே மோசமாக மாசுபட்ட இடங்களின் கூட்டாட்சிப் பட்டியலில், சேர்ந்தது. கதிரியக்க மாசை அகற்றக் கடற்படை அமர்த்திய டெட்ரா டெக் இசி நிறுவனத்தின் மேற்பார்வையாளர்கள் இருவர், ஆவணங்களில் பொய் எழுதியதை ஒப்புக்கொண்டு 2018இல் ஆளுக்கு எட்டு மாதச் சிறைத் தண்டனை பெற்றார்கள்.

செய்தது எளிய வேலை. சந்தேகமான இடத்து மண்ணுக்குப் பதிலாக வேறு இடத்துச் சுத்தமான மண்ணை எடுத்துக்கொண்டார்கள். மாதிரி எங்கே எடுக்கப்பட்டது, யார் கையில் கொடுக்கப்பட்டது என்று எழுதும் படிவத்தில் பழைய இடத்தையே போட்டார்கள். அப்புறம் நடந்ததெல்லாம் ஒழுங்காகவே நடந்திருக்கலாம்: ஆய்வகம் நேர்மையாக அளக்கும், எண்கள் சரியாகப் பதிவாகும், அதிகாரி கவனமாகப் படிப்பார். அவர் படிப்பது வேறெங்கோ இருக்கும் மண்ணின் கதை. மாதிரி எடுக்கும் அந்த ஐந்து நிமிடம் யார் கையில் இருக்கிறதோ, முடிவும் அவர் கையில்தான் இருக்கிறது. இரண்டு வழிகளையும் ஒப்பிடும்போது என்னைப் பொறுத்தவரை எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த ஒன்றுதான்.

அறிக்கை படிப்பது வீண் என்று சொல்ல மாட்டேன். தளத்தை எழுத்திட்ட பகுதிகளாகவும், ஒவ்வொரு பகுதியின் மண்ணைச் சிறு ஆய்வு அலகுகளாகவும் பிரித்திருக்கிறார்கள். மோசடி வெளியே வந்த பிறகு, 'ஜி' பகுதியில் 49 சதவீத அலகுகளை மறுபடி சோதித்தால் போதும் என்றது கடற்படை. கூட்டாட்சிச் சுற்றுச்சூழல் முகமையும் கலிஃபோர்னியாவின் இரண்டு துறைகளும் அதே தரவை உட்கார்ந்து அலசி, 97 சதவீதம் என்றன. 'பி' பகுதியில் கடற்படை சொன்னது 15, இவர்கள் சொன்னது 90. நல்ல வேலைதான். ஆனால் அதற்குள் பல வருடங்கள் போய்விட்டன.

இனி நேரில் அளந்ததன் பலன். 'ஏ' பகுதி 2004இலேயே நகரத்தின் கைக்கு மாறி, வீடுகளும் எழும்பிவிட்டன. மக்கள் கேட்டுக்கொண்டே இருந்ததால், 2018இல் மாநிலப் பொதுச் சுகாதாரத் துறை கருவியோடு அங்கே இறங்கியது. செப்டம்பரில், வீடுகளுக்குப் பக்கத்துச் சரிவில், ஓரடி ஆழம்கூட இல்லாத மண்ணுக்கு அடியில், ரேடியம் பூசிய வில்லை ஒன்று அகப்பட்டது. கப்பல் மேல்தளத்தில் இருட்டில் வழி தெரியப் பதிப்பார்களே, அதுதான். அளவில் பெரிய நாணயம் போல. அதனால் குடியிருப்போருக்கு ஆபத்து இல்லை என்றே துறை சொன்னது, சரி. ஆனாலும் மாநிலம் இறங்கிப் பார்த்திராவிட்டால் அது அங்கேயே கிடந்திருக்கும்.

இந்த வழிக்கும் குறை உண்டு. தரைமேல் கொண்டுபோகும், காமா கதிரை மட்டும் உணரும் கருவிக்கு ஆழத்தில் இருப்பது தெரியாது, காமா கதிர் வீசாத ஸ்ட்ரான்சியம் 90 போன்ற கதிரியக்கப் பொருள்களும் தெரியாது. அதற்கு மண்ணைத் தோண்டி ஆய்வகத்துக்கு அனுப்பியே ஆக வேண்டும்.

கலிஃபோர்னியாவிலேயே ஃபோர்ட் ஆர்ட் தளத்தில் மூன்றாவது வழி ஒன்றையும் பார்த்தார்கள். 2007இல் ராணுவம் ஏறக்குறைய 98 மில்லியன் டாலரை உள்ளூர் அமைப்புக்குக் கொடுத்து, சுமார் 3,300 ஏக்கரில் வெடிபொருள் அகற்றும் வேலையை ஒப்படைத்தது. அங்கே தேடுவது பெரும்பாலும் உலோகம், கையில் எடுத்துக் காட்டலாம். கதிரியக்கத் தளத்துக்கு அது பொருந்துமா என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. இப்படி இறங்க மாநிலத்துக்குச் சட்ட பலம் உண்டா என்பதற்குப் பார்க்க வேண்டியது கொலராடோ மாநிலம். அங்கே ராணுவத்தின் பழைய ரசாயன ஆயுதத் தொழிற்சாலையான ராக்கி மவுண்டன் ஆர்சனல் பற்றிய வழக்கில், சூப்பர்ஃபண்ட் தளமானாலும் மாநிலம் தன் அபாயக் கழிவுச் சட்டத்தை அங்கே செலுத்தலாம் என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 1993இல் தீர்ப்பளித்தது.

நான் எழுதிக் கொடுத்தது இதுதான்: பத்தில் ஒரு மாதிரியையாவது மாநில ஊழியரே எடுக்க வேண்டும். இடத்தை அன்று காலையில் அவரே தேர்ந்தெடுக்க வேண்டும். அந்த மண்ணை இரண்டாகப் பங்கிட்டு, ஒரு பங்கு ஒப்பந்ததாரருக்குத் தொடர்பில்லாத ஆய்வகத்துக்குப் போக வேண்டும். இதற்கான செலவை அந்த 1 சதவீதக் கணக்கில் சேர்க்காமல், பாதுகாப்புத் துறை தனியாகத் தர வேண்டும்.