காரைக்குடி வீட்டு நர்சிங் சேவை: பகலுக்கு முழு மார்க், ராத்திரிக்கு இல்லை

பக்கவாதம் வந்து படுத்துவிட்ட என் மாமியாரைக் கவனிக்க, காரைக்குடியிலிருந்து ஆள் அனுப்பும் ஒரு வீட்டு நர்சிங் சேவையை வைத்திருக்கிறோம். பகல் 12 மணி நேரம் ஒருவர், ராத்திரி 12 மணி நேரம் ஒருவர். வீடு கோட்டையூரில். அத்தைக்கு வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு வரவில்லை. மூக்கு வழியாக வயிற்றுக்கு உணவு விடும் ரைல்ஸ் டியூப், சிறுநீரை வெளியே எடுக்கும் குழாயான கதீட்டர். நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்ந்து வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவள். ஆளைத் தூக்கிப் புரட்டும் தெம்பு இப்போது இல்லை. ஆனால் செய்வது சரியா தப்பா என்று பார்க்கத் தெரியும். வீட்டுக்கு நர்ஸ் வைக்க நினைப்பவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

பகல் டியூட்டிக்கு வரும் பிள்ளை ஜி.என்.எம். என்ற நர்ஸிங் டிப்ளமோ முடித்தவள். மூன்று வருடப் படிப்பு, நர்ஸ் கவுன்சிலில் பதிவும் இருக்கிறது. வந்ததும் பையை வைத்துவிட்டு, "அக்கா, கை கழுவ எங்கே?" என்றுதான் கேட்டாள். சோப்புப் போட்டு விரல் இடுக்கு, கட்டை விரல், நகக்கண் எல்லாம் தேய்த்து ஒரு நிமிடம் போலக் கழுவினாள். அப்புறம் அத்தையின் கண்ணுக்கு நேராக வந்து நின்று, "ஆச்சி, நான் உங்களைப் பார்த்துக்க வந்திருக்கேன். இப்ப இடது கையில பிரஷர் பார்க்கப் போறேன், பட்டை இறுக்கும், பயப்படாதீங்க" என்று சொன்னாள். அத்தை கண்ணை மூடித் திறந்த பிறகுதான் கையைத் தொட்டாள். பேச்சு போனவருக்குப் புரிவதும் போய்விட்டது என்று நினைத்து, தலைக்கு மேலேயே மற்றவர்களிடம் பேசிக்கொண்டு வேலை பார்ப்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அத்தைக்கு எல்லாம் புரியும். சொல்லத்தான் முடியாது. விழுந்த கையில் பிரஷர் பார்க்கக் கூடாது, அந்தத் தோளைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கக் கூடாது என்பதெல்லாம் இவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அடுத்து அவள் கேட்டது வெளிச்சம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் உள்ளறைகள் எப்படி இருக்கும் என்று தெரியும்தானே. சின்ன ஜன்னல், பகலிலும் விளக்குப் போட வேண்டும். அத்தையின் கட்டில் அங்கேதான் கிடந்தது. "இந்த இருட்டுல முதுகுத் தோல் எனக்குச் சரியாத் தெரியாது அக்கா, வளவுப் பக்கம் மாத்தலாமா?" என்றாள். வளவு என்பது வீட்டுக்கு நடுவே இருக்கும் திறந்த முற்றம். அதன் ஓரத்தில், சாரல் அடிக்காத இடமாகப் பார்த்துப் படுக்கையைப் போட்டோம். அகலமான தேக்குக் கட்டிலை எடுத்துவிட்டு, கைப்பிடி சுற்றித் தலைப்பக்கம் உயர்த்துகிற ஆஸ்பத்திரிக் கட்டிலை வாடகைக்கு எடுக்கச் சொன்னதும் அவள்தான். காற்றும் வெளிச்சமும் நோயாளிக்கு மருந்து போல என்று நைட்டிங்கேல் அம்மையார் காலத்திலிருந்தே எங்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். அத்தைக்கு இப்போது வானம் தெரிகிறது, வந்து போகிறவர்களின் முகம் தெரிகிறது.

படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்வதில்தான் ஒரு நர்ஸின் தரம் தெரியும் என்பது என் முடிவான எண்ணம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எப்படிப் புரட்டுவது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. முழுக்க ஒருக்களித்துப் படுக்க வைத்தால் மொத்த எடையும் இடுப்பு எலும்பின் மேல் இறங்கும். முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி அளவுக்குச் சாய்த்தால் எடை சதைப்பிடிப்பான இடத்துக்குப் போய்விடும். இந்தப் பிள்ளை அப்படித்தான் சாய்க்கிறாள். கெண்டைக்காலுக்குக் கீழே தலையணை வைத்து, குதிகால் எதிலும் படாமல் விடுகிறாள். கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைக்கிற பழக்கம் இன்னும் சில இடங்களில் உண்டு. அதனால் அழுத்தம் குறையாது. இவள் அதை வைக்கவே இல்லை.

ஒருநாள் உடம்பு துடைக்கும்போது அத்தையின் வால் எலும்புப் பக்கம் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "இங்க மட்டும் சூடா இருக்கு, கொஞ்சம் கெட்டியாவும் இருக்கு, நீங்களும் தொட்டுப் பாருங்க அக்கா" என்றாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நம் தோல் நிறத்தில் ஆரம்பச் சிவப்பு தெரியாது, விரலால் அழுத்தினால் வெளுக்கிறதா என்று பார்ப்பதும் கஷ்டம். அதனால் சூட்டையும் கெட்டியையும் கையால்தான் கண்டுபிடிக்க வேண்டும். அன்றிலிருந்து மல்லாக்கப் படுக்க வைப்பதையே நிறுத்திவிட்டு, இடமும் வலமும் மட்டும் மாற்றி மாற்றிச் சாய்த்தாள். ஒரு வாரத்துக்குள் அந்த இடம் பழையபடி ஆகிவிட்டது. தோல் உரிந்த பிறகு கவனித்திருந்தால் மாதக்கணக்கில் டிரெஸ்ஸிங் செய்ய வேண்டி வந்திருக்கும். இதற்கிடையில் பார்க்க வந்த எங்கள் பெரியம்மா, எண்ணெய் தேய்த்துவிட்டால் ரத்தம் ஓடும் என்று கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டார். "அந்த இடத்துல தேய்ச்சா உள்ள இருக்கிற சதை இன்னும் நைஞ்சு போகும் பெரியம்மா. கை காலுக்கு நீங்களே தடவி விடுங்க, ஆச்சிக்குச் சந்தோஷமா இருக்கும்" என்றாள். பெரியம்மாவுக்கும் மனம் கோணவில்லை.

டியூப் வழியாகக் கஞ்சி கொடுப்பதிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூக்கருகே டியூபில் இருக்கும் குறி நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறாள். சிரிஞ்சால் கொஞ்சம் இழுத்து, வருவது வயிற்று நீர்தானா என்று அமிலத்தைக் காட்டும் தாளில் சோதித்துக்கொள்கிறாள். தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, மெதுவாக விட்டு, முடிந்ததும் தண்ணீர் விட்டு டியூபைக் கழுவி, அதற்குப் பிறகும் ஒரு மணி நேரம் அப்படியே சாய்த்து வைக்கிறாள். மாத்திரைச் சீட்டில் மேல்பூச்சுப் போட்ட மாத்திரை ஒன்று இருந்தது. பொடித்தால் அந்தப் பூச்சுக்கே வேலையில்லாமல் போகும், குழாயும் அடைத்துக்கொள்ளும். டாக்டருக்கு போன் போட்டு மாற்று மருந்து கேட்கும்படி என்னிடம் சொன்னாள். வாயால் சாப்பிடாதவருக்கு வாயைச் சுத்தம் செய்வது அதிக முக்கியம் என்று தெரிந்து, வேளை தவறாமல் செய்கிறாள்.

சரி, ராத்திரிக்கு வருவோம். என் புகார் இங்கேதான். போனில் கேட்டபோது, "ரெண்டு பேருமே நர்ஸ்தாம்மா" என்றார்கள். வந்தவள் நர்ஸ் இல்லை, சில மாதப் பயிற்சி முடித்த உதவியாளர். நல்ல குணம், துணி மாற்றுவது, டயப்பர் மாற்றுவது எல்லாம் முகம் சுளிக்காமல் செய்தாள். ஆனால் விடியற்காலையில் அத்தை தூங்குகிறார் என்று கட்டிலைத் தட்டையாகவே வைத்துக்கொண்டு டியூபில் பால் விடப் போனாள். நான் எழுந்து வந்ததால் தடுத்தேன். அப்படி விட்டால் பால் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய் நிமோனியாவில் கொண்டு விடலாம். புரட்டும்போது கதீட்டரில் மாட்டியிருக்கும், சிறுநீர் சேரும் பிளாஸ்டிக் பையைத் தூக்கிக் கட்டில் மேலேயே வைத்ததையும் பார்த்தேன். அந்தப் பை எப்போதும் உடம்புக்குள் இருக்கும் மூத்திரப் பையைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் போன நீர் திரும்பும், கூடவே கிருமியும் போகும். அந்தப் பெண்ணை நான் குறை சொல்லவில்லை. தெரியாத வேலையில் அவளைத் தனியாக நிறுத்தி, நர்ஸ் என்று எங்களிடம் சொன்னவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சொன்னதும் பேச்சை வளர்க்காமல் மறுநாளே நர்ஸ் படிப்பு படித்தவரை அனுப்பினார்கள். கட்டணம் கூடியது, அது நியாயம்தான். ஆனால் டியூட்டி மாறும்போது ஒப்படைப்பு எழுத்தில் இல்லை. எந்தப் பக்கம் கடைசியாகச் சாய்த்தது, எவ்வளவு உள்ளே போனது, எவ்வளவு சிறுநீர் வந்தது, எந்த மருந்து எத்தனை மணிக்கு என்பதெல்லாம் வாய்ப்பேச்சில் போனால் காலையில் யாருக்கும் நினைவிருக்காது. நானே நோட்டில் கோடு போட்டுக் கொடுத்தேன். அதை இப்போது இருவரும் எழுதுகிறார்கள். அச்சடித்த சார்ட் ஒன்று அந்தச் சேவையே கொடுக்க வேண்டும்.

எங்கள் பக்க வீடுகளில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஆத்தங்குடிக் கல் தரையில் ஈரம் பட்டால் வழுக்கும், உடம்பு துடைத்ததும் உடனே துடைத்துவிடச் சொல்லுங்கள். உயரமான நிலைப்படிகளில் சக்கர நாற்காலி ஏறாது, சாய்வுப் பலகை செய்து போட்டுக்கொண்டோம். பிசியோதெரபிக்குத் தனியாகச் செலவு செய்யும் முன் அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுப் பாருங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், படுத்திருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுப்பதும் உண்டு.

இந்தச் சேவையையே தொடர்கிறோம். நீங்கள் யாரை அமர்த்தினாலும் முன்பணம் கொடுப்பதற்கு முன் தமிழ்நாடு நர்ஸுகள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பதிவு எண்ணைக் கேட்டு, பார்த்துவிடுங்கள். டியூப், கதீட்டர், ஊசி, புண் கட்டு எதுவும் இல்லாதவருக்கு நல்ல உதவியாளரே போதும், செலவும் குறையும். இவற்றில் ஒன்று இருந்தாலும் இரண்டு டியூட்டிக்கும் நர்ஸ்தான் வேண்டும். பொங்கல், தீபாவளி சமயத்தில் மாற்று ஆள் கிடைப்பது சிரமம், அந்த நாட்களுக்கு முன்னதாகவே சொல்லி வையுங்கள்.